நாறும் மெத்தையும் ரேல் ஜெமுதாயும்

ரேல் ஜெமுதாய்க்குக் கீழ்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. எங்கள் கெய்யோ இன மக்களில் பழைய தலைமுறைக்கு அந்தப் பற்கள் இருக்காது; சிறு வயதிலேயே வழக்கப்படி ஊர்க் கிழவிகள் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் கப்செரூன் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாக வந்தபோது ஜெமுதாய்க்கு முப்பத்திரண்டு வயதுதான். ஆசிரியர் அறையில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். இயற்பியல் ஆசிரியர் கேட்டேவிட்டார்.

"எந்தக் கிழவி பிடுங்கினா, டீச்சர்?"

"கிழவி இல்ல சார். என் முழங்கால்தான் பிடுங்குச்சு," என்றார் ஜெமுதாய்.

பதினாறு வயதில் நடந்தது அது. பள்ளத்தாக்கின் அடியில், ஆடும் தேனும் தவிர வேறு பிழைப்பில்லாத ஊரில் பிறந்தவர் அவர். அண்ணன் தம்பி எல்லோரும் பந்தயங்களில் ஓடினார்கள். இவருக்கு ஓட்டம் வரவில்லை. கால் மட்டும் நாரைக்கு இருப்பதுபோல் நீளம். ஆட்டுப்பட்டியின் முள்வேலியைத் திறக்காமலே தாண்டிப் போவார். அதைப் பார்த்துப் பள்ளியில் உயரம் தாண்டச் சொன்னார்கள். ஒரு நாள் செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கம்பிக்கு முதுகைக் காட்டி மல்லாந்து தாண்டும் முறையை அவராகவே முயன்றார். விழுந்தது மணலில். கழுத்து தப்பியது தெய்வச் செயல். உடம்பு சுருண்டதில் முழங்கால் தாடையில் மோதி, இரண்டு பல்லும் நாக்கில் ஒரு துணுக்கும் மணலோடு போயின. அங்கிருந்த ஆசிரியர் உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, "அடுத்து யாரு?" என்று கூப்பிட்டாராம்.

பிறகு ஜெமுதாய் காவலராகச் சிறைத்துறையில் சேர்ந்து, அதன் தடகள அணியில் ஏழு வருடம் இருந்தார். நெகேசா என்ற சார்ஜென்ட் அம்மாள் அவருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தாள். முதல் மூன்று வாரம் கம்பியே கிடையாது, விழத்தான் பழக்கினாள். இரண்டடி உயர மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, கையை விரித்து, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தோள்பட்டையின் அகலம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். அப்புறம் நின்ற இடத்திலிருந்தே பின்னால் எம்பல். பிறகு மூன்று தப்படி ஓட்டம், ஐந்து தப்படி ஓட்டம். கடைசியாகத்தான் சுண்ணாம்பால் வளைகோடு போட்டு அதன் மேல் ஓடவிட்டாள். கம்பிக்குப் பதில் ரப்பர் நாடா கட்டியிருந்தாள். நிஜக் கம்பியைத் தொட ஐந்து மாதம் ஆனது. அங்கே அவர் தாண்டிய உச்ச உயரம் ஒரு மீட்டர் எழுபத்திரண்டு. தேசிய அணிக்கு அது எட்டவில்லை. அவரும் அதற்காக அழுது புலம்பவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்.

வந்த முதல் வாரமே மைதானத்தில் அவர் செய்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். தினமும் பயிற்சிக்கு முன் மண்வெட்டியோடு மணற்குழிக்குள் இறங்கி முழங்கால் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டுவார். கண்ணாடித் துண்டு, சோடா மூடி, ஒருமுறை செத்த கீரி. எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறிந்த பிறகுதான் நீளம் தாண்ட விடுவார். ஈட்டியைக் கூர்முனை தரையைப் பார்க்க, செங்குத்தாகப் பிடித்து நடக்க வேண்டும். ஓடினால் அன்று பயிற்சி இல்லை. எல்லோரும் எறிந்து முடித்து அவர் கையைத் தூக்கும்வரை குண்டை எடுக்க எவரும் போகக் கூடாது. உயரம் தாண்டுகிறவர்கள் கத்தரிபோல் காலை மாற்றி மாற்றித் தூக்கி, மணலில் காலூன்றித்தான் இறங்க வேண்டும். மெத்தை இல்லாத பள்ளியில் மல்லாந்து தாண்டுவது கிடையாது. அதில் பேச்சே இல்லை. மண்வெட்டி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஆறு வருடத்தில் அவருடைய மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு விரல்கூடப் பிசகவில்லை. அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஏழாவது வருடம் செசெரெம் என்பவர் தலைமையாசிரியராக வந்தார். கோப்பை வேண்டும் அவருக்கு. ஓட்டத்தில் எங்களால் முடியாது. இந்த மாவட்டத்தில் பால் வாங்கப் போகிறவன்கூட ஓடித்தான் போவான், பக்கத்துப் பள்ளிக்காரர்கள் அவனையும் மிஞ்சியவர்கள். ஆனால் உயரம் தாண்டுவதற்கு வட்டாரம் முழுக்கத் தேடினால் ஐந்து பெண்கள் வருவார்கள், அங்கே பதக்கம் சும்மா கிடக்கிறது என்று செசெரெம் கண்டுபிடித்தார். தாருஸ் என்ற ஒருவனைப் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார். பத்து நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். கறுப்புக் கண்ணாடியை மழை நாளிலும் கழற்ற மாட்டான். உலகமே மல்லாந்து தாண்டும்போது கப்செரூன் மட்டும் ஆட்டுக்குட்டிபோல் துள்ளுகிறது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னான்.

மெத்தைக்கு என்ன செய்வது என்று ஜெமுதாய் கேட்டார். ஏற்பாடு ஆகிறது என்றார்கள். அந்த ஏற்பாடு இதுதான்.

பையன்கள் விடுதியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிலர் படுக்கையை நனைப்பார்கள். அப்படி நனைந்து நனைந்து மஞ்சளாகி, நடுவில் குழிந்துபோன மெத்தைகளைச் சமையலறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மூன்று வருடமாகக் குவித்திருந்தார்கள். கோழி அதில்தான் முட்டையிடும். சமையல்காரரின் வெள்ளாடு அதில்தான் குட்டி போட்டது. அந்த மெத்தைகளில் இருபத்திரண்டை இழுத்துவந்து, இரண்டு அடுக்காகப் போட்டு, சோளம் காயவைக்கும் தார்ப்பாயால் மூடி, கோணி ஊசியால் தைத்துவிட்டார்கள். மேலே பள்ளியின் பெயரைப் பெயிண்டால் எழுதினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நீலமாக, அழகாகத்தான் இருந்தது.

ஜெமுதாய் அதைச் சுற்றி வந்தார். முட்டி போட்டு ஒரு கையால் அழுத்தினார். இரண்டு மெத்தைக்கு நடுவில் கை முழங்கைவரை இறங்கித் தரையைத் தொட்டது. தையலைக் கடைவாய்ப் பல்லால் கடித்துப் பிரித்து உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பஞ்சு கருத்து, கூழாகி, கையில் எடுத்தால் சொட்டியது. மூத்திர நெடியும் செத்த எலியின் நெடியும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. ஒரு மடிப்பில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஏழெட்டு, உரித்த வேர்க்கடலைபோல் சிவப்பாக நெளிந்தன. தையலோரம் முழுக்க மூட்டைப்பூச்சி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினேன். ஜெமுதாய் கையைப் புல்லில் துடைத்துவிட்டு, நேரே செசெரெம் நின்ற இடத்துக்குப் போனார்.

"சார், இது மெத்தை இல்ல. கை விட்டா தரை தட்டுது. நடுவுல பிளவு இருக்கு."

"இறுக்கிக் கட்டிக்கலாம் டீச்சர்."

"நாலு பொண்ணு விழுந்தா கட்டு தளர்ந்து ரெண்டு பக்கமும் சறுக்கும். அஞ்சாவது பொண்ணு பொடனி அடிபட விழுவா."

"நாத்தத்துக்குத்தானே பயப்படறீங்க? டெட்டால் தெளிக்கச் சொல்றேன். நீங்க மணல்லயே விழுந்து எழுந்தவங்கதானே, டீச்சர்?"

"அதனாலதான் சொல்றேன் சார்."

தாருஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான். "போன பல்லு டீச்சருக்கு இன்னும் வலிக்குது போல."

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாளே மைதானப் பொறுப்பு ஜெமுதாயிடமிருந்து பறிக்கப்பட்டு, மதியச் சாப்பாட்டை மேற்பார்வை பார்க்கும் வேலை கொடுக்கப்பட்டது. உகாலிக் களி வெந்ததா, அவரையில் வண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் அதையும் ஒழுங்காகச் செய்தார். ஓய்வு நேரத்தில் தலைமையாசிரியருக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். எந்த உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு தடிமன் வேண்டும், மெத்தைகளை எப்படி ஒன்றாகப் பிணைக்க வேண்டும், அடியில் ஏன் மரச்சட்டம் வேண்டும், பழகாத பிள்ளைக்கு முதல் வாரம் எது சொல்லிக்கொடுக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பத்தொன்பது ஆசிரியர்களிடம் கையெழுத்துக் கேட்டார். இரண்டு பேர் போட்டார்கள். என்னிடம் வந்தபோது, துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு போனார்.

வட்டார விளையாட்டு அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த ஆள் ஒரு வியாழக்கிழமை வந்தார். செசெரெம் ஆடு அடித்தார். வறுத்த இறைச்சியைத் தின்றுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே மைதானத்தின் இந்த ஓரத்தில் நின்று நீலத் தார்ப்பாயைப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். ஏப்பம் விட்டார். வண்டியேறிப் போனார்.

டோர்கஸ் ஜெலிமோ என்ற பெண்ணுக்குப் பதினாறு வயது. ஜெமுதாயிடம் இரண்டு வருடம் கத்தரி முறையில் பழகி, ஒன்றரை மீட்டர் தாண்டிக்கொண்டிருந்தாள். தாருஸ் அவளுக்குப் பதினொரு நாளில் மல்லாந்து தாண்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்தான் என்பதே பொய். "வானத்தைப் பாரு, மல்லாந்து விழு" என்று கத்துவான், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும் பெண்கள் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். கழுத்தெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடி, தடித்தடியாக. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் நாற்றம் தாங்காமல் தட்டோடு எழுந்து போவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஜெமுதாய் ஜெலிமோவைக் கூப்பிட்டு, தாண்டாதே என்று சொன்னதை நான் கேட்டேன்.

"நான் தாண்டலன்னா சின்ன வகுப்பு ஜெப்டூவை எடுத்துக்குவாரு டீச்சர்," என்றாள் பெண். "அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. எங்கப்பா வேற பார்க்க வர்றாரு."

ஜெமுதாய் அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார். "இடுப்பு கம்பியைத் தாண்டினதும் இப்படி ஒட்டிக்கோ. தலையைத் தொங்கவிட்டுடாத. அவன் என்ன கத்தினாலும் சரி. இங்க ஒட்டிக்கோ." அந்தப் பெண் அதே மாதிரி மோவாயை ஒட்டிக்காட்டிவிட்டு, தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வட்டாரப் போட்டி மார்ச் முதல் வாரம் எங்கள் மைதானத்தில் நடந்தது. முந்தின நாள் நல்ல மழை. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி, வெயில் ஏறியதும் அந்த மெத்தை அவிய ஆரம்பித்தது. இருபது அடி தள்ளி நின்றாலே கண் எரிந்தது. தன் மாணவியைக் கூட்டிவந்த வேறொரு பள்ளியின் ஆசிரியர் மெத்தையைக் காலால் ஒருமுறை அழுத்தினார். செருப்பின் விளிம்பில் பழுப்பாக ஏதோ கசிந்தது. உடனே பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துப் போனார். அவருக்கு இருந்த முதுகெலும்பு எங்களில் ஒருவருக்கும் இல்லை. இன்னொரு பள்ளியும் விலகியது. மூன்று பெண்கள் மிஞ்சினார்கள்.

ஜெலிமோ ஒரு மீட்டர் நாற்பதைத் தாண்டினாள். ஒன்று நாற்பத்தைந்தையும் தாண்டினாள். ஒவ்வொரு முறை விழும்போதும் மெத்தைகள் உள்ளுக்குள் நகர்வது வெளியிலிருந்தே தெரிந்தது. தார்ப்பாயின் நடுவில் ஓடைபோல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றரை மீட்டருக்குக் கம்பியை ஏற்றினார்கள். அவள் ஓடிவந்து வளைவில் திரும்பியபோது ஈரப்புல்லில் கால் கொஞ்சம் வழுக்கியது. ஆனாலும் எம்பிவிட்டாள். விழுந்தது சரியாக அந்தப் பள்ளத்தில். தார்ப்பாய் கிழிந்து தலையும் தோளும் மெத்தைகளுக்கு நடுவில் இறங்கின. கால்கள் மேலே நின்றன. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம்.

தாருஸ் ஓடிப்போய் அவள் கணுக்கால்களைப் பிடித்தான். வெளியே இழுத்துப்போட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிடும் அவசரம் அவனுக்கு. தலைமை விருந்தினர் வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் ஜெமுதாய் சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"காலை விடு."

"உங்களுக்குச் சமையலறை டூட்டி, டீச்சர்."

"காலை விடுடா."

அவன் விட்டுவிட்டான். ஜெமுதாய் கிழிந்த தார்ப்பாய்க்குள் மார்வரை குனிந்து நுழைந்து, இரண்டு முழங்கைகளையும் தரையில் ஊன்றி, ஜெலிமோவின் தலையை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கூழ் அவர் தலைமயிரிலும் காதிலும் வழிந்தது. உள்ளிருந்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கிமோசோப் சார், இடுப்பைப் பிடிங்க. தூக்க வேணாம். அசையாம மட்டும் பார்த்துக்குங்க. இன்னும் ரெண்டு பேர் வந்து காலை மெதுவா இறக்கணும், நான் சொல்றப்ப."

நாங்கள் அவர் சொன்னபடியே செய்தோம். ஒரு மெத்தையை வெட்டி விலக்கி இடம் பண்ணினோம். பிறகு காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஜெமுதாய் முட்டியில் நின்று அந்தத் தலையை விரல் அசையாமல் பிடித்திருந்தார். நான் இடுப்பைப் பிடித்திருந்தேன். மூட்டைப்பூச்சிகள் கை வழியாகச் சட்டைக்குள் ஏறின. சொறிய முடியாது.

"டீச்சர், எனக்குக் கால் தெரியல," என்றாள் ஜெலிமோ.

"கால் இருக்குது கண்ணு. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ கண்ணை மட்டும் சிமிட்டு. தலையாட்டாத."

அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தன் தொப்பியால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யாரையும் ஒரு சொல் திட்டவில்லை. ஒலிபெருக்கியில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை நிறுத்தவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் பையன்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. தலைமை விருந்தினர் பூமாலையோடு வந்து எங்கள் மேல் குனிந்து நின்றார். கூடவே புகைப்படக்காரன்.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஐயா முகம் மறைக்குது," என்றான்.

ஜெமுதாய் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் சுற்றிப்போய் வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டான். அந்தப் படம் பிறகு பள்ளியின் ஆண்டு மலரில் வந்தது. விருந்தினரின் முகம் கனிவாக இருந்தது. ஜெமுதாயின் முதுகு மட்டும் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வராது என்று ஆனதும், ஆசிரியர் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார் ஜெமுதாய். ஆறு பேர், அவர் மூன்று எண்ணியதும், உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டிக் கதவில் ஏற்றினோம். கழுத்தின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, நெற்றியைப் மாணவிகளின் சீருடைக் கழுத்துப் பட்டியால் கதவோடு கட்டினார். முட்டைக்கோஸ் ஏற்றும் பிக்கப் வண்டியில் எல்டோரெட் மருத்துவமனைவரை ஆமை வேகத்தில் போனார்கள். வழி முழுக்க அந்தக் கைகள் தலையை விடவில்லை என்று ஜெலிமோவின் அப்பா பின்னால் சொன்னார்.

கழுத்தெலும்பில் விரிசல். நரம்பு அறுந்துபோகவில்லை. யாராவது காலைப் பிடித்து இழுத்திருந்தால் அறுந்திருக்கும் என்றாராம் மருத்துவர். ஐந்து மாதம் படுக்கை. பிறகு நடந்தாள். இடது கைவிரல்கள் மட்டும் இன்றுவரை சட்டைப் பொத்தான் போடாது. மோவாயை ஒட்டிக்கொண்டதால்தான் பிழைத்தேன் என்று அவள் சொல்வாள். ஜெமுதாய் அதை ஒப்புக்கொள்ள மாட்டார், தாண்டவே விட்டிருக்கக் கூடாது என்பார்.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் பால் தேநீர், எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரம், அவித்த முட்டை. எங்களைச் சுவரோரம் உட்காரவைத்து வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஜெமுதாய் முறை வந்தபோது, அவர் ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். புது உறை போட்ட மெத்தை. மேசைமேல், மண்டாசித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து உறையை உருவினார். அந்த அறை ஒரு நொடியில் நாறிப்போனது. மூன்று பேரும் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒருவர் வாயிலிருந்த முட்டையைத் தட்டிலேயே துப்பினார்.

"என்ன காரியம் பண்றீங்க? சாப்பிடற இடத்துல?" என்றார் நடுவில் இருந்தவர்.

"இது அன்னிக்கு அந்தத் தார்ப்பாய்க்குள்ள இருந்தது ஐயா. இப்ப எங்கேருந்து எடுத்துட்டு வந்தேன் தெரியுமா? சின்ன வகுப்பு விடுதியில, ஒரு பையன் கட்டில்லேருந்து. விபத்து நடந்த மறுவாரம் உறை மாத்திப் பன்னிரண்டைத் திரும்பப் போட்டுட்டாங்க."

செசெரெம் மெத்தைத் தட்டுப்பாடு பற்றி ஏதோ ஆரம்பித்தார். ஜெமுதாய் அவர் பக்கம் திரும்பவில்லை. "பிள்ளைங்க இதுமேல தினமும் படுக்குது. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் மேசையில இருந்தா தாங்கல," என்றார். பிறகு தாம் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தையும், அது தலைமையாசிரியருக்குக் கிடைத்த தேதியையும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர்கள் சன்னலைத் திறந்துவிட்டுப் புதுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. மாணவி தவறான உத்தியைக் கையாண்டதாலும், பொறுப்பாசிரியை ஜெமுதாய் உரிய இடத்தில் இல்லாததாலும் விபத்து நேர்ந்தது என்று இருந்தது. சாட்சிகளாக ஐந்து ஆசிரியர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. துணைத் தலைமையாசிரியர் பதவி அடுத்த பருவத்தில் எனக்கு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் சோப்புப் போட்டு மூன்றுமுறை கை கழுவினேன். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

செசெரெம் பெரிய பள்ளிக்குப் போனார். தாருஸ் இப்போது வேறொரு பள்ளியில் ஈட்டி எறியக் கற்றுக்கொடுக்கிறான் என்று கேள்வி. ஜெமுதாயைப் பள்ளத்தாக்கின் அடியில், புழுங்கிச் சாகும் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார்கள். அவர் அங்கே போய்க் களப்போட்டி நடுவருக்கான தேர்வு எழுதித் தேறி, சிவப்புக் கொடியோடு வட்டாரம் வட்டாரமாகப் போக ஆரம்பித்தார். மெத்தை சரியில்லை என்றால் உயரம் தாண்டல் இல்லை. வலை கிழிந்திருந்தால் வட்டெறிதல் இல்லை. ஓரிடத்தில் ஈட்டி விழும் எல்லைக்குள் தேநீர்க்கடை போட்டிருந்தார்கள். கடையை எடுக்கும்வரை ஓடுபாதையிலேயே இரண்டு மணி நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். பல்லில்லாதவள் வந்துவிட்டாள், இன்றைக்குப் போட்டி நடந்த மாதிரிதான் என்று அமைப்பாளர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பல வட்டாரங்களில் மெத்தை வாங்குவதற்குப் பதிலாக உயரம் தாண்டலையே நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பழியும் அவர் தலையில்தான்.

ஜெலிமோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு ஏதோ துணிச்சல் வந்து, ஒரு சனிக்கிழமை ஜெமுதாயின் வீட்டுக்குப் போனேன். மாமரத்தடியில் உட்கார்ந்து, அளவு நாடாவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தேநீர் கொடுத்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"அந்த அறிக்கை விஷயமா, டீச்சர்…"

"படிச்சேன். உங்க கையெழுத்து மணிமணியா இருந்துச்சு."

"தப்புப் பண்ணிட்டேன்."

"ஆமா."

அவர் நாடாவைச் சுருட்டி முடித்தார். "அன்னிக்கு இடுப்பை நல்லாப் பிடிச்சீங்க. அசையவே இல்ல. அது போதும்னு நான் சொல்லுவேன்னு வந்திருந்தா, சொல்ல மாட்டேன் சார்."

நான் தேநீரைக் குடித்தேன். எழுந்து போகவும் முடியவில்லை. அவரே கேட்டார். "உங்க பள்ளியில இப்ப குண்டு எறியற வட்டம் எங்க இருக்கு?"

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியோரம் என்றேன். செசெரெம் காலத்தில் போட்டது.

"பிள்ளைங்க தட்டோட நடக்கற வழி. மாத்தணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

கோப்பையின் அடியைப் பார்த்தேன். அவர் எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை இரண்டு கூலியாட்களைக் கூட்டிவந்து, அந்தச் சிமெண்டு வட்டத்தைக் கடப்பாரையால் உடைக்கச் சொன்னேன். மதியத்துக்குள் புதுத் தலைமையாசிரியர் வெளியே வந்து, யாரைக் கேட்டு இது நடக்கிறது என்று சத்தம் போட்டார். யாரையும் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன்.